'தி ஸ்கின் கேம்' (1931): பேசும் படத்தின் தொடக்க காலத்துக்குள் நுழைவோருக்கு ஒரு வழிகாட்டி

திரைப்படம் பேசத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலத்துப் படங்களைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்களில் பலர் முதல் கால் மணி நேரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒலி கரகரக்கிறது, கேமரா அசையாமல் நிற்கிறது, நடிகர்கள் மேடையில் நிற்பதைப் போல நின்று பேசுகிறார்கள் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். இவை நியாயமானவையே. ஆனாலும் அந்தக் காலத்தை அறிய விரும்புகிறவருக்கு, ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1931-இல் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்துக்காக இயக்கிய 'தி ஸ்கின் கேம்' படத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ஈவிரக்கமற்ற தொழில் போட்டியும் பழிவாங்கலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கதை இது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஹிட்ச்காக்குக்கு இந்தப் படத்தின் மீது பெரிய மதிப்பு இருந்ததில்லை. பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுடனான புகழ்பெற்ற நேர்காணலில், தானாகத் தேர்ந்தெடுத்து எடுத்த படம் இல்லை என்றும், இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்றும் கூறிக் கடந்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய தீர்ப்பை ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

முதல் வேலை, நல்ல பிரதியைத் தேடுவது. இந்தப் படம் பல ஆண்டுகளாக மலிவான குறுவட்டுகளில் மங்கலான படத்தோடும் குழம்பிய ஒலியோடும் சுற்றி வந்தது. இன்று இணையத்தில் எளிதாகக் கிடைப்பவற்றில் பலவும் அவற்றின் நகல்களே. லயன்ஸ்கேட் நிறுவனம் 2007-இல் ஹிட்ச்காக்கின் தொடக்க காலப் பிரிட்டிஷ் படங்களைத் தொகுத்து வெளியிட்டபோது இதையும் சேர்த்தது. அதுவோ அதற்குப் பின் வந்த சீரமைக்கப்பட்ட பதிப்போ கிடைத்தால் அதையே பாருங்கள். ஆங்கில சப்டைட்டில் உள்ள பதிப்பாக இருப்பது அவசியம். ஒலிபெருக்கியைவிடக் காதில் அணியும் ஹெட்ஃபோன் நல்லது. பின்னணி இரைச்சலிலிருந்து சொற்களைப் பிரித்தெடுப்பது அதில் எளிது.

அடுத்து, கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற அச்சம் இந்த வகைப் படத்துக்குப் பொருந்தாது. வசனம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் போகும்போது, யார் யாருக்கு என்ன உறவு, எந்த நிலம் யாருடையது என்பது தெளிவாக இல்லாவிட்டால் நடுவிலேயே பிடி நழுவிவிடும். ஒரு தாளில் இரண்டு குடும்பங்களின் பெயர்களை எழுதி அருகில் வைத்துக்கொள்வது உதவும்.

ஒரு பக்கம் ஹில்கிரிஸ்ட் குடும்பம்: தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் ஆங்கிலக் கிராமத்துப் பெரிய வீடு. ஹில்கிரிஸ்டாக சி. வி. ஃபிரான்ஸும், அவருடைய மனைவியாக ஹெலன் ஹேயும், மகள் ஜில்லாக ஜில் எஸ்மண்டும் நடித்திருக்கிறார்கள். மறுபக்கம் ஹார்ன்புளோயர்: மண்பாண்டத் தொழிலில் பணம் சேர்த்துப் புதிதாக அந்த ஊருக்குள் வந்தவர். அவருடைய மூத்த மகன் சார்ல்ஸ், சார்ல்ஸின் மனைவி க்ளோயி, இளைய மகன் ரோல்ஃப். ரோல்ஃபும் ஜில்லும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இவர்களுக்கு நடுவே ஹில்கிரிஸ்ட் வீட்டின் காரியங்களைக் கவனிக்கும் டாக்கர் என்ற முகவர் இருக்கிறார். கதையில் மிக மோசமான வேலைகள் எல்லாம் இவர் கையால்தான் நடக்கின்றன என்பதால் இவருடைய பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கதையின் ஓட்டம் இதுதான். ஹில்கிரிஸ்ட் முன்பு தன் நிலத்தில் ஒரு பகுதியை, அதில் குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்ற வாக்கின் பேரில், ஹார்ன்புளோயருக்கு விற்றிருக்கிறார். தொழிலாளர்களுக்கு வீடு தேவைப்பட்டதும் ஹார்ன்புளோயர் அந்த வாக்கை மீறி, அங்கே நெடுங்காலமாக வாழும் ஜாக்மன் தம்பதியைக் காலி செய்யச் சொல்கிறார். அதோடு ஹில்கிரிஸ்ட் வீட்டுக்கு எதிரே இருக்கும் சென்ட்ரி என்ற நிலத்தையும் வாங்கி அங்கே தொழிற்சாலை கட்டப்போவதாகச் சொல்கிறார். நிலம் ஏலத்துக்கு வருகிறது. ஹார்ன்புளோயர் தந்திரமாக அதை வென்றுவிடுகிறார். அதற்குள் டாக்கர், க்ளோயியின் கடந்தகாலத்தைப் பற்றிய ஒரு இரகசியத்தைத் தோண்டி எடுக்கிறார். திருமதி ஹில்கிரிஸ்ட் அதைக் காட்டி மிரட்ட, ஏலத்தில் கொடுத்த விலையில் பாதிக்கும் குறைவான தொகைக்கு ஹார்ன்புளோயர் நிலத்தை விட்டுக்கொடுக்கிறார். இரகசியத்தை வெளியிட மாட்டோம் என்று ஹில்கிரிஸ்ட் குடும்பம் சத்தியம் செய்தும் அது டாக்கர் வழியாகக் கசிகிறது. கணவன் தன்னைக் கைவிடப் போவதை ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்து கேட்கும் க்ளோயி, வெளியே ஓடி அல்லிக் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள்.

இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்திருங்கள்: இந்தக் காட்சியில் நடப்பது வியாபாரமா, பழிவாங்கலா? படம் முழுவதும் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காது. ஹார்ன்புளோயர் தொழிற்சாலைக்கு இடம் தேடுகிறார் என்பது உண்மை. ஆனால் தன் மருமகளை ஊரில் மதிக்கத்தக்கவளாகத் திருமதி ஹில்கிரிஸ்ட் ஏற்றுக்கொள்ளவில்லை, ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை என்ற புண்ணும் அவருக்குள் இருக்கிறது. அந்த அவமதிப்பு இல்லாதிருந்தால் வேறொரு நிலத்தைப் பார்த்திருப்பார் என்று நினைக்க இடமுண்டு. திருமதி ஹில்கிரிஸ்ட் தன் வீட்டையும் ஊரையும் காப்பாற்றுவதாகச் சொல்கிறார். ஆனால் அவர் செய்வது பத்திரமும் கையெழுத்தும் விலையும் கொண்ட ஒரு கொடுக்கல் வாங்கல். பழி, இந்தப் படத்தில், கத்தியையோ துப்பாக்கியையோ எடுத்துக்கொண்டு வருவதில்லை. வாக்குறுதி, ஏலம், பினாமி, கிரயப் பத்திரம், சத்தியப் பிரமாணம் என்று முற்றிலும் சட்டத்துக்கு உட்பட்ட கருவிகளோடு வருகிறது. ஈவிரக்கமற்ற வியாபாரத்தைக் காட்டும் பல படங்களில் முதலாளி ஒருவனே கொடியவனாக இருப்பான். இங்கே அந்த வசதியைப் பார்வையாளருக்குக் கொடுக்கவில்லை.

ஒலியோடு எப்படிச் சமாதானம் ஆவது

பார்க்க உட்காரும் முன் அந்தக் காலத்து ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் அறிந்துகொண்டால் எரிச்சல் குறையும். இன்று நடிகர் பேசியதைப் பின்னால் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பேசிச் சேர்க்கலாம், பல ஒலித்தடங்களைக் கலக்கலாம். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கெல்லாம் வழியில்லை, அல்லது மிகக் கடினம். காட்சி எடுக்கப்படும்போது மைக்கில் என்ன விழுந்ததோ அதுதான் படத்தில் இருக்கும். ஹிட்ச்காக் 1929-இல் எடுத்த 'பிளாக்மெயில்' படத்தின் நாயகி ஆனி ஓண்ட்ரா ஆங்கிலத்தை அயல்நாட்டு உச்சரிப்போடு பேசியதால், ஜோன் பாரி என்ற நடிகை சட்டகத்துக்கு வெளியே மைக் முன் நின்று வசனத்தைப் பேச, ஓண்ட்ரா வாயை மட்டும் அசைத்தார். ஒலியைப் பின்னால் மாற்ற முடியாமல் போனதால் வந்த ஏற்பாடு அது.

கேமராவும் தப்பவில்லை. அதன் இயந்திரச் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்பதற்காக ஒலி புகாத கூண்டுக்குள்ளோ கனத்த உறைக்குள்ளோ அதை அடைத்தார்கள். மௌனப் படக் காலத்தின் கடைசி ஆண்டுகளில் தாராளமாக ஓடியாடிய கேமரா திடீரென்று கால் கட்டப்பட்டது போலானதற்கு இதுவே காரணம். ஒலியை வெட்டி ஒட்டுவது சிரமம் என்பதால் ஒரே காட்சியைப் பல கேமராக்களால் ஒரே நேரத்தில் எடுப்பதும், நீண்ட காட்சியை வெட்டாமல் விடுவதும் வழக்கமாயிருந்தன. இதை மனத்தில் கொண்டு பார்த்தால், நடிகர்கள் ஏன் கூடிக் கூடி நின்று பேசுகிறார்கள், நடக்கும்போது ஏன் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பது விளங்கும். முதல் முறை பார்க்கும்போது இவற்றைக் குறையாக எண்ணாமல், மைக் எங்கே தொங்கியிருக்கக் கூடும் என்று ஊகித்துப் பாருங்கள். பார்வை கூர்மையாக இது நல்ல பயிற்சி.

நடிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஹார்ன்புளோயராக வரும் எட்மண்ட் க்வென் இந்தப் பாத்திரத்தை 1920-இல் லண்டன் மேடையிலும், 1921-இல் வந்த மௌனப் படத்திலும் ஏற்கெனவே ஏற்று நடித்தவர். பின்னாளில் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக நடித்துத் துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றவரும் அவரே. குட்டையான உடல், வடபுறத்துப் பேச்சுச் சாயல், நாற்காலியில் அமரும்போதும் இடத்தை ஆக்கிரமிப்பது போன்ற தோரணை ஆகியவற்றால் அவர் அந்த மனிதரை நமக்கு வெறுக்கவும் இரங்கவும் தக்கவராக ஆக்குகிறார். திருமதி ஹில்கிரிஸ்டாக வரும் ஹெலன் ஹேயும் 1921 படத்தில் அதே வேடத்தில் நடித்தவர். குரலை உயர்த்தாமலேயே ஒருவரை நொறுக்க முடியும் என்பதை அவரிடம் பார்க்கலாம். இவ்விருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிகளில் கேமரா அசையாததைப் பற்றி நீங்கள் கவலைப்பட மாட்டீர்கள்.

ஏலக் காட்சியைப் பார்க்கும் முறை

படத்தின் உயிர் இந்தக் காட்சியில் இருக்கிறது. இதை ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டாம். மூன்று முறை பாருங்கள்.

முதல் முறை சாதாரணமாக, கதைக்காகப் பாருங்கள். ஹில்கிரிஸ்டுக்காக டாக்கர் கேட்கிறார், ஹார்ன்புளோயர் ஏற்றுகிறார், பிறகு ஹில்கிரிஸ்டே நேரடியாகக் கேட்கத் தொடங்குகிறார். நிலத்தின் மதிப்பு என்ன என்ற கணக்கு எந்த இடத்தில் கைவிடப்பட்டு, எதிராளியை விடக் கூடாது என்ற வெறி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். என் கண்ணுக்கு, ஹில்கிரிஸ்ட் தன் முகவரை நம்பாமல் தானே வாய் திறக்கும் கணம் அதுதான். கடைசியில் வேறொருவர் கேட்ட தொகைக்கு ஏலம் முடிகிறது. ஹார்ன்புளோயருக்குக் கிடைக்கவில்லையே என்று ஹில்கிரிஸ்ட் குடும்பம் ஆறுதல் அடைகிறது. அந்த ஆறுதலை அவர்கள் முழுதாக அனுபவிக்கும் முன்பே, கேட்டவர் தன் ஆள்தான் என்று ஹார்ன்புளோயர் வந்து சொல்கிறார். பினாமியை வைத்து ஏலம் எடுப்பது நமக்குப் பழகிய சங்கதி. ஆனால் இங்கே அந்தத் தந்திரம் விலையைக் குறைக்கவில்லை. எதிராளியின் முகத்தில் நிம்மதி தோன்றி மறைவதைப் பார்ப்பதற்காகவே அவர் அதைச் செய்தது போலிருக்கிறது.

இரண்டாம் முறை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் கேமராவின் வேலை தெரியும். ஒளிப்பதிவாளர் ஜாக் காக்ஸின் கேமரா ஏலம் விடுபவரின் கண்ணாகிவிடுகிறது. கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சட்டென்று திரும்புகிறது, கேட்டவரைத் தேடிப் பிடிக்கிறது, அடுத்த கேட்பு வந்ததும் அவரை விட்டுவிட்டு மீண்டும் பாய்கிறது. நடுவில் இருக்கும் தலைகளும் தொப்பிகளும் கோடுகளாக இழுபட்டுக் கரைகின்றன. தொகை ஏற ஏற இந்தப் பாய்ச்சலின் வேகமும் ஏறுகிறது. பேசும் படம் கேமராவின் காலைக் கட்டிப்போட்டிருந்த ஆண்டுகளில், நகராமல் நின்ற இடத்திலேயே அதைச் சுழல வைத்து ஓர் இயக்குநர் விடுதலை தேடியிருக்கிறார். வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் ஒவ்வொரு முகமும் நமக்குத் தயாராகக் கிடைத்திருக்கும். இங்கே நாமும் தேட வேண்டியிருக்கிறது. தவறவிடுவோமோ என்ற பதற்றம் நம்மையும் பற்றிக்கொள்கிறது.

இதே முறையில் க்ளோயியையும் பின்தொடருங்கள். கூட்டத்தில் தன் பழைய வாழ்க்கையை அறிந்த ஒருவனை அவள் பார்த்துவிடுகிறாள். அவனுடைய முகம் பெரிதாகி அவளை நோக்கி வருவது போன்ற உத்தி இங்கே பயன்படுகிறது. மற்ற அனைவரும் நிலத்துக்காகக் கூடியிருக்கும் அறையில் விலை போகப்போவது தான்தான் என்பதை அந்த அறையில் அவள் ஒருத்தி மட்டும் உணர்கிறாள்.

மூன்றாம் முறை திரையை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். ஏலம் விடுபவரின் குரலின் ஏற்ற இறக்கம், கேட்புகளுக்கு இடையே உள்ள மௌனத்தின் நீளம், கூட்டத்தின் முணுமுணுப்பு ஆகியவை தனியாகவே ஒரு நாடகமாக நிற்கும். ஒலி ஒரு புதுமையாக மட்டும் கருதப்பட்ட காலத்தில் மௌனத்தையும் ஒலியின் பகுதியாகப் பயன்படுத்தியிருப்பதை இப்படிக் கேட்டால்தான் உணர முடியும்.

க்ளோயியின் இரகசியத்தைப் புரிந்துகொள்ள

இன்றைய பார்வையாளர் பலரும் தடுமாறும் இடம் இது. க்ளோயி செய்த குற்றம்தான் என்ன, அதற்காக ஏன் இவ்வளவு பெரிய அழிவு என்ற கேள்வி எழும். அந்தக் காலத்து இங்கிலாந்தின் விவாகரத்துச் சட்டத்தை அறிந்தால் விளங்கும். 1937-இல் இயற்றப்பட்ட மண வாழ்வுச் சட்டம் வரும்வரை, கணவன் மனைவி இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலும் அது போதாது. விவாகரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே வழி, ஒருவர் பிறன்மனை உறவு கொண்டதாக நீதிமன்றத்தில் நிரூபிப்பதுதான். ஆகவே பிரிய விரும்பும் கணவன் ஒரு விடுதியில் அறை எடுத்து, கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்ணோடு இருப்பதுபோல் சாட்சியம் உருவாக்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. க்ளோயி வறுமையில் அப்படி ஒரு பெண்ணாகப் பணம் வாங்கியவள். சட்டத்தின் ஓட்டையை அடைக்க மேல்தட்டு ஆண்களுக்குத் தேவைப்பட்ட ஒருத்தியை, அதே மேல்தட்டுக் குடும்பம் ஆயுதமாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் கொடுமை தெளிவானால்தான் பின்பாதி முழுவதும் உரைக்கும்.

ஃபிலிஸ் கான்ஸ்டம் க்ளோயியாக நடித்திருக்கிறார். அவருடைய பதற்றம் சில இடங்களில் மிகையாகத் தோன்றலாம். மௌனப் படத்தின் முகபாவனை மரபு இன்னும் விலகாத காலம் அது. அவர் பேசும் இடங்களைவிடக் கேட்கும் இடங்களைப் பாருங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கணவனின் பேச்சைக் கேட்கும் காட்சியில், அவள் அங்கே நிற்பது நமக்குத் தெரியும், பேசிக்கொண்டிருக்கும் கணவனுக்குத் தெரியாது. பார்வையாளருக்கு முன்கூட்டியே தகவலைத் தந்து பாத்திரத்தை அறியாமையில் விடுவது ஹிட்ச்காக்கின் பிற்காலக் கைத்திறனாகப் புகழப்படுவது. அதன் விதை இங்கே கிடக்கிறது.

கடைசிக் காட்சிகளில் ஹில்கிரிஸ்ட் சொல்வதைச் சப்டைட்டிலின் துணையோடு நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். சண்டை தொடங்கும்போது சுத்தமாக இருந்த கைகள் இப்போது அப்படி இருக்கின்றனவா என்று அவர் கேட்கிறார். இதை அவருடைய மனமாற்றமாக எடுத்துக்கொள்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவி மிரட்டியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள மறுக்கவில்லை. பலனை வாங்கிக்கொண்ட பின் வரும் வருத்தத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும்; ஆனால் அதற்கு முன், மிரட்டல் நடக்கும் காட்சிக்குத் திரும்பிப் போய் அவர் எங்கே நிற்கிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

படத்துக்குப் பின் நாடகத்தைப் படியுங்கள்

படம் பிடித்திருந்தால், அடுத்த படி மூல நாடகம். 1932-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜான் கால்ஸ்வொர்த்தி எழுதி 1920-இல் லண்டனில் அரங்கேறியது இது. முதல் உலகப் போர் முடிந்து பழைய நிலவுடைமைக் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஏராளமாக விற்றுக்கொண்டிருந்த நேரம். எதிரெதிரே நிற்கும் இரண்டு வீடுகளின் சண்டையில் அந்தப் போரின் சாயலைக் கண்டவர்களும் உண்டு. நாடகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிறியது, ஓர் ஓய்வு நாளில் படித்துவிடலாம். திரைக்கதையை ஹிட்ச்காக்கும் அவருடைய மனைவி ஆல்மா ரெவிலும் எழுதினார்கள். வசனத்தில் பெரும்பகுதி நாடகத்திலிருந்தே வருவதால், ஒலி புரியாமல் விட்ட இடங்களை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டியதில்லை. இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் வரும் ஏலக் காட்சிக்கான மேடைக் குறிப்பை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஏலம் விடுபவரின் மேசை மேடையின் முன்விளிம்பில், அரங்கத்தைப் பார்த்தபடி போடப்பட்டிருக்கும். அரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்களே ஏலத்துக்கு வந்த பொதுமக்கள் என்று கால்ஸ்வொர்த்தி எழுதியிருக்கிறார். மேடையில் இருந்த அந்த ஏற்பாட்டைப் படம் அப்படியே திருப்பிப் போட்டுவிட்டது. நாடகத்தில் ஏலம் விடுபவர் நம்மைப் பார்க்கிறார், கேட்பவர்களின் கூட்டத்தில் நாமும் ஒருவர். படத்தில் நாம் அவருடைய இடத்தில் நின்று, ஒருவரையொருவர் அழிக்கத் துணிந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடுகிறோம். இதைப் படித்த பிறகு ஏலக் காட்சியை நான்காம் முறையாக ஓட்டிப் பாருங்கள்.